கரடி காத்த தினை

ஆற்றோரக் காட்டில் அணிலும் காடையும் வெள்ளெலியும் ஒரு சங்கம் வைத்திருந்தன. கோடையில் சேர்த்த தினையை மருதமரப் பொந்தில் போட்டு, மழைக்காலத்தில் பங்கிட்டுக்கொள்ளும். பொந்தைப் பார்த்துக்கொண்டது வெள்ளெலி.

அந்த ஆண்டு அணில் குட்டிகள் ஈன்றிருந்தது. ஒருநாள் அது பொந்தை எட்டிப் பார்த்தது. விளிம்புவரை இருந்த தினை கீழே இறங்கியிருந்தது.

"யாரடா தின்றது?"

"யாரும் தின்னவில்லை, அக்கா!" என்றது வெள்ளெலி. "ஈரத்தோடு போட்டோம். காய்ந்து படிந்துவிட்டது. நீங்களே உள்ளே இறங்கிப் பாருங்கள்!"

காடை சிரித்தது. "பிறகு உன் வயிறு ஏன் இப்படி உப்பியிருக்கிறது?"

"பிறந்ததிலிருந்தே இப்படித்தான்!"

அணில் உள்ளே இறங்கவில்லை. "நான் குட்டிக்காரி. இவன் பேச்சை நம்பி உட்கார முடியாது" என்று சிங்கத்திடம் போய் முறையிட்டது.

சிங்கம் கரடியை அனுப்பியது. கரடி நேர்மையானது. ஒரு மணியைக்கூடத் தொடவில்லை. பொந்தின் வாயில் பாறையை உருட்டி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தது.

"அரசர் வந்து விசாரிக்கும்வரை யாரும் எடுக்கக் கூடாது."

"எப்போது வருவார்?"

"தூரத்துக் காட்டுக்குப் போயிருக்கிறார். வருவார்."

மழை முந்திக்கொண்டது. அணிலுக்குப் பால் வற்றியது.

"ஐயா, ஒரு பிடி கொடுங்கள். என் பங்குதான்!"

"உங்கள் பங்கு எங்கும் போகாது, அம்மா. அதற்காகத்தானே நனைந்துகொண்டு காக்கிறேன்!"

"குட்டிகள் இப்போது கத்துவதுகூட இல்லை, ஐயா."

கரடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"மூவரும் சேர்ந்து கேட்போம், அக்கா" என்றது வெள்ளெலி.

"தின்றதை மறைக்கவா?" என்றது காடை. அணில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு தனியாகக் குட்டிகளிடம் திரும்பிப் போய்விட்டது.

மழை ஓய்ந்தபின் சிங்கம் வந்தது. பாறை நகர்ந்தது. தண்ணீர் இறங்கித் தினை முளைவிட்டு, அழுகிக் கறுத்திருந்தது. கரடி எல்லாவற்றையும் வெளியே அள்ளிப் போட்டது.

"ஒன்றும் திருடு போகவில்லை, அரசே. வெள்ளெலி மேல் குற்றமில்லை!"

"நல்லது. பங்கிட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சிங்கம் போயிற்று.

வெள்ளெலி ஒரு குவியலைப் பிரித்து அணிலின் முன்னால் தள்ளியது. "தேறுவதாகப் பார்த்துக் குட்டிகளுக்கும் சேர்த்து வைத்திருக்கிறேன், அக்கா."

குட்டிகள் மழையிலேயே இறந்துபோனது வெள்ளெலிக்குத் தெரியாது. அணில் அந்தக் கறுத்த தினையை வாங்கிக்கொண்டது.

சேர்ந்து சேர்த்ததைச் சேர்ந்தே திறந்து பார்க்காமல் காவலை வெளியாரிடம் கொடுத்துவிட்டால், களஞ்சியத்தில் ஒன்றும் திருடு போகாது, ஆனால் அதை நம்பியிருந்தவர்கள் பிழைக்கமாட்டார்கள்.