தணிக்கை அதிகாரியின் பரிசல்

அந்த நாட்டில் பத்திரிகைகளுக்கு முழுச் சுதந்திரம் இருந்தது. பத்திரிகைகளிலேயே அப்படித்தான் போட்டிருந்தது, தினமும் முதல் பக்கத்தில், நிரந்தரத் தலைவரின் படத்துக்குக் கீழே.

ஒரே ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்குள் மறுநாள் செய்தி முழுவதும் தணிக்கை அதிகாரி பூவராகனின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் சிவப்புப் பென்சிலால் அடித்தது போக மிச்சம் இருப்பது அச்சுக்குப் போகும்.

அருளப்பன் இருபது வருடம் நிருபராக இருந்தவர். ஆற்றின் மேல் கட்டிய நிரந்தரத் தலைவர் பாலத்தில், மூன்றாவது தூண் கை நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டிருக்கிறது என்று ஏழு தடவை எழுதினார். ஏழு தடவையும் பூவராகன் அடித்தார். அந்தப் பாலத்தின் மேல்தான் அருளப்பனின் மகள் தினமும் பள்ளிக்கூட பஸ்ஸில் போய்வந்தாள். பஸ் வேண்டாம் என்று வீட்டில் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தார். மனைவி ரெஜினா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"நெசமா இருந்தா பேப்பர்ல வந்திருக்குமே. அதுவும் நீங்க வேலை பாக்குற பேப்பர்லயே வரலியே" என்றாள்.

எழுத்தே வெறுத்துப்போய், ஆவணப்படம் எடுக்கிற மரகதவல்லியிடம் போய்ச் சீடராகச் சேர்ந்தார் அருளப்பன். சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு, குருவுக்கு முப்பத்தெட்டு. சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை சார் என்பார்.

சேர்ந்த அன்றைக்கே, பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தார் அருளப்பன். யார் யாரைப் பேச வைப்பது என்று பட்டியலும் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் பாதிப் பேர் ஜெயிலில் இருந்தார்கள். மீதிப் பேர், பட்டியலில் தங்கள் பெயர் இருப்பதைக் கேள்விப்பட்டு ஊரைவிட்டே போயிருந்தார்கள்.

மரகதவல்லி அந்தப் பட்டியலை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

"பூவராகன் வீட்டுக்குப் போங்க சார். அவர் எந்திரிக்கிறதுல இருந்து ஆபீஸ் போய்ச் சேர்ற வரைக்கும் எடுங்க. ஒரு கேள்வியும் கேக்காதீங்க."

அருளப்பனுக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. "என் எழுத்தை எல்லாம் கொன்ன ஆளை நான் படம் எடுக்கணுமா மேடம்?"

குரு காமிராவைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

பூவராகனுக்கு வாயெல்லாம் பல். இத்தனை வருட உத்தியோகத்தில் தன்னை ஒருத்தரும் படம் பிடித்ததில்லை என்றார். சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டார், சாமி கும்பிட்டார். பிறகு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு படித்துறைக்கு இறங்கி, தினமும் வருகிற மீன்காரரின் பரிசலில் ஏறி உட்கார்ந்தார். அருளப்பனும் தொற்றிக்கொண்டார். பரிசல் சுற்றிச் சுற்றிப் போனது. காமிராவை நேராகப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்ததால் வேறு எதையும் யோசிக்க அவருக்குத் தெம்பில்லை. தலைக்கு மேலே பாலத்தில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

படத்தைத் தொகுக்கும்போது, பரிசல் காட்சியை வெட்டிவிடலாம் என்றார் அருளப்பன். ஒரு மனுஷர் கேரியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். குரு அந்த நாலு நிமிடத்தையும் அப்படியே விட்டுவைத்தார். படத்துக்கான பின்னணிப் பேச்சை மட்டும் சீடரின் இஷ்டத்துக்கு விட்டார். சுதந்திரம் என்ற சொல் அதில் முப்பத்தொரு தடவை வந்தது.

படமும் தணிக்கைக்குப் போக வேண்டுமே. பூவராகனிடமே போனது. அவர் பின்னணிப் பேச்சை முதல் வார்த்தையில் தொடங்கிக் கடைசி வார்த்தைவரை அடித்தார். இது எட்டாவது தடவை. அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பரிசல் காட்சி வந்தபோது மட்டும் பூவராகன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னோட எளிமை இதுல நல்லா வந்திருக்கும்மா. இன்னும் கொஞ்சம் நீட்ட முடியுமா?"

மரகதவல்லி தாராளமாக நீட்டிக் கொடுத்தார். 'எளிய அதிகாரி' என்று பெயர் சூட்டி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரசாங்கமே அதை டிவியில் போட்டது. அந்த நாட்டில் வேறு சேனல் கிடையாது என்பதால் எல்லாரும் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை, ரெஜினா மகளின் புத்தகப் பையைப் பிடுங்கி உள்ளே வைத்தாள்.

"ஏங்க, அவ்ளோ பெரிய பாலம் இருக்கும்போது அந்த அதிகாரி எதுக்குப் பரிசல்ல போறாரு? எனக்கென்னமோ சரியாப் படல. புள்ள இனிமே பஸ்ல போக வேணாம்."

அருளப்பன் வாயைத் திறந்தார். பிறகு, புத்திசாலித்தனமாக, மூடிக்கொண்டார்.

அன்றைக்குப் படித்துறையில் பரிசலுக்கு நின்ற வரிசை கடைத்தெருவரை நீண்டிருந்தது. பாலத்தின் மேல் ஈ காக்கை இல்லை. வர்ணம் பூசுவதற்காகப் பாலம் மூடப்படுகிறது என்று பத்து மணிக்கு ரேடியோவில் அறிவித்தார்கள். எப்போது திறக்கும் என்று சொல்லவில்லை. வரிசையின் கடைசியில் பூவராகன் கேரியரோடு நின்றுகொண்டு, ஆபீசுக்கு நேரமாகிறது, கொஞ்சம் முன்னால் விடுங்கள் என்று ஒவ்வொருவராகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். யாரும் விடுவதாக இல்லை.

எதிரே டீக்கடையில் குருவும் சீடரும் நின்றிருந்தார்கள். மகள் பிழைத்தாள் என்ற நிம்மதியில் அருளப்பனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கையில் டீ ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

"அவர் பரிசல்லதான் போவார்னு உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

"தெரியாது சார். பாலத்து மேல போக மாட்டார்னு மட்டும்தான் தெரியும்."

"அது எப்படி?"

மரகதவல்லி டீயை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"நீங்க எழுதினதை ஏழு தடவையும் முழுசாப் படிச்சவர் அவர் ஒருத்தர்தானே சார்."