ஆதாரம் கேட்ட ராஜாவின் பகல் சாப்பாடு

நெல்வாய் நாட்டு ராஜா விசயகண்டரின் காதில் புதுச் சங்கதி ஏதாவது விழுந்தால் போதும், ஊரே படாத பாடு படும். வெளியூர்ப் பண்டிதர் ஒருவர், "ஆதாரம் இல்லாமல் நம்புகிறவன் மடையன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே ராஜா கோயில் குருக்களைச் சபைக்கு வரவழைத்தார்.

"சாமி இருக்கிறார் என்பதற்கு என்னய்யா ஆதாரம்?"

குருக்கள் திருதிருவென்று விழித்தார். "கண்ணால் பார்த்ததில்லை மகாராஜா. ஆனால் நம்புகிறேன். நம்பாமல் என்னால் ஒரு பொழுதுகூட ஓட்ட முடியாது."

"இதெல்லாம் ஆதாரமா? கோயிலைப் பூட்டுங்கள். இனி என் நாட்டில் ஆதாரம் இல்லாத எதையும் யாரும் நம்பக்கூடாது."

குருக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன கூத்தபிரான் எழுந்தார்.

"இந்த ஆணை அரண்மனைக்கும் உண்டா மகாராஜா?"

"முதலில் எனக்குத்தான்" என்றார் ராஜா, பெருமையாக.

மத்தியானம் ராஜாவுக்கு நல்ல பசி. இலையில் வடை ஆவி பறக்கக் கிடந்தது. கை வைக்கப் போனார். கூத்தபிரான் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதில் விஷம் இல்லை என்பதற்கு ஆதாரம்?"

ராஜா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சரி, நீயே தின்று பார்."

கூத்தபிரான் ஒரு வடையைத் தின்றார். கொஞ்ச நேரம் பொறுத்தார். "இந்த வடை நிரபராதி. பக்கத்து வடையைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது."

பக்கத்து வடையும் போயிற்று. அதற்குப் பக்கத்து வடையும் போயிற்று. பாயசத்தின் மேல்பாகம் நல்லதுதான், அடியில் எப்படியோ என்று கிண்ணத்தையே கவிழ்த்துக் குடித்தார். ராஜாவின் வயிறு கூவியது.

"போதும் கூத்தா. என் சமையல்காரன் அப்படிப்பட்டவன் இல்லை."

"ஆள் எப்படி இருப்பார் மகாராஜா? குட்டையா, நெட்டையா?"

ராஜா யோசித்தார். அடுக்களைப் பக்கம் அவர் போனதே இல்லை. "பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன். நம்பாவிட்டால் பட்டினியல்லவா கிடக்க வேண்டும்?"

"குருக்களும் காலையில் இதைத்தான் சொன்னார் மகாராஜா. அவரை அழவைத்து அனுப்பிவிட்டீர்கள்."

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோயிலைத் திறக்க ஆள் ஓடியது.

"உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்."

கூத்தபிரானால் எழுந்திருக்க முடியவில்லை. "ஒரு செம்பு சுக்குக் கஷாயம் போதும் மகாராஜா. யார் போட்டுக் கொடுத்தாலும் சரி, நம்பிக் குடித்துவிடுகிறேன்."