ஜெசிந்தா மேடம் மாட்டிக்கொண்ட கணக்கு

"மேடம், எனக்கு டிசி வாங்கிக் குடுத்துருங்க. நான் போறேன்."

சங்கரபாண்டி இதைச் சொன்னபோது ஜெசிந்தா மேடம் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். வாயில் இருந்ததை மென்று முடிக்கும்வரை பதில் வரவில்லை. அதற்குள் இவனுடைய பொறுமையில் பாதி போய்விட்டது.

"எங்க போற?"

"ஊருக்கு. மாமாவோட டைல்ஸ் கடையில நிக்கப் போறேன்."

"எதுக்கு?"

"இந்தப் படிப்பு என் மண்டையில ஏறாது மேடம்."

அவன் எலக்ட்ரிகல் இரண்டாம் வருஷம். மேடம் அவன் வகுப்புக்குச் சர்க்யூட் பாடம் எடுப்பவர். கிளாஸ் அட்வைசரும் அவரே. காலேஜை விட்டுப் போகிறவன் முதலில் அவர் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். மாணவிகளோடு நின்றால் யார் மேடம் என்று கண்டுபிடிக்க முடியாத வயசு. ஆனால் பேச்சு மட்டும் மடத்துச் சாமியார் மாதிரி, ரெண்டு வார்த்தைக்கு மேல் போகாது.

அவனுக்கோ கால்குலஸ் அரியர். பிசிக்ஸ் அரியர். இப்போது சர்க்யூட் இன்டர்னலிலும் முட்டை.

இத்தனைக்கும் ப்ளஸ் டூ கணக்கில் சென்டம் வாங்கிய பயல். எப்படி வாங்கினான் என்கிறீர்களா? பாடத்துக்குப் பின்னால் இருக்கிற கணக்கையெல்லாம், அம்புக்குறி முதற்கொண்டு, மனப்பாடம் பண்ணி. அடித்தல் திருத்தல் இல்லாத பேப்பர் என்று அவனுடைய ரிவிஷன் டெஸ்ட் பேப்பரை ஹெட்மாஸ்டர் பிரேயரில் தூக்கிக் காட்டினார். ஊரே மேதை என்றது. இவனும் நம்பித் தொலைத்தான்.

"நீங்க போர்டுல போடும்போது எல்லாம் புரியுது மேடம். ஒரு வரி விடாம புரியுது. ஹாஸ்டல்ல போய்த் தனியா உக்காந்தா ஒண்ணும் வரல. முதல் வரியே வரல. பேனாவைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தே இருக்கேன்."

"எழுதிப் பார்த்தியா?"

"வந்தாத்தான மேடம் எழுத முடியும்? தப்பா எழுதி அசிங்கப்படுறதுக்கு எழுதாமலே விட்டுரலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மூடி வெச்சிருவேன். உங்களுக்கெல்லாம் பிறவியிலேயே மூளை அப்படி. பார்த்த உடனே வருது. எனக்கு இல்ல. அவ்வளவுதான்."

மேடம் கையில் ஒட்டிய முறுக்குத் தூளைத் தட்டினார்.

"நாளைக்கு ஒரு கணக்கு கொண்டு வா. நான் பார்க்காத கணக்கா இருக்கணும்."

"நான் டிசி கேட்டேன் மேடம்."

"கணக்கைப் போட்டுட்டு டிசி பத்திப் பேசுவோம்."

இப்படிப்பட்ட ஆளிடம் என்னத்தைப் பேசுவது? ஒரு மனுஷன் வாழ்க்கையே போச்சு என்று வந்து நிற்கிறான், கணக்கு வேண்டுமாம். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேராக லைப்ரரிக்குப் போனான். சிலபஸில் இல்லாத புத்தகத்தை அவன் தொட்டது அன்றைக்குத்தான். அதுவும் படிப்பதற்கில்லை, மேடத்தை மாட்டிவிடுவதற்கு. தூசி தும்மலோடு தேடி ஒரு கணக்கைப் பிடித்தான். ஒரே இரும்பில் கம்பியைச் சுற்றிய ரெண்டு காயில், ரெண்டு கண்டென்சர், ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச். சுவிட்சைத் திறந்து பேட்டரியைத் துண்டித்த பிறகு, ரெண்டாவது கண்டென்சரில் வோல்டேஜ் எப்படிப் போகும்? பின்பக்கத்தில் விடையும் கிடையாது. நல்லா அனுபவிங்க என்று போனில் படம் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் சனிக்கிழமை. வகுப்பில் வேறு யாரும் இல்லை.

மேடம் போனை வாங்கிப் பார்த்தார்.

"இதை நான் பார்த்ததில்லை" என்றார். அதில் அவருக்குச் சந்தோஷம் வேறு.

போர்டில் சர்க்யூட்டை வரைந்தார். எழுத ஆரம்பித்தார். கால் போர்டு நிறைந்தது. பிறகு கை நின்றது.

அந்தக் கை நின்று அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"தப்பு" என்றார் மேடம்.

"ஏன் மேடம்?"

"சுவிட்சைத் திறந்த நொடியில காயில்ல கரண்ட் பூஜ்யம்னு வருது. இந்தக் காயில்ல அப்படிச் சட்டுனு நிக்காது."

எழுதியது மொத்தத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அழிக்கக்கூட இல்லை. பக்கத்திலேயே மறுபடி ஆரம்பித்தார்.

இவனுக்குத்தான் கூச்சமாக இருந்தது. யாராவது வராண்டாவில் போகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். மேடத்துக்கு அந்தக் கவலையே இல்லை.

மறுபடியும் கை நின்றது.

"பேட்டரியைக் கழட்டியாச்சு. ஆனா வோல்டேஜ் ஏறிக்கிட்டே போகுது. எங்கிருந்து வருது?"

தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து அவன் எழுந்து நின்றான். மேடம் கேட்டது போர்டை.

அவனால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாமத்தான் போட்டுக்கிட்டிருக்கீங்களா?"

"ஆமா."

"உங்களுக்கு எரிச்சலா வரல?"

"வருது."

சொல்லிவிட்டு அடுத்த வரியை எழுதினார். அதையும் அடித்தார். இவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு வாத்தியார் இப்படியா பண்ணுவார்? தெரியவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று கௌரவமாக முடித்துக்கொள்ள வேண்டாமா?

கொஞ்ச நேரத்தில் மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கேன்டீன்ல சாப்பாடு தீர்ந்துரும். நான் போய்ட்டு வரேன்."

"கணக்கு பாதியில நிக்குது மேடம்."

"நிக்கட்டும். அது எங்க போகப் போகுது?"

"அப்ப என் டிசி?"

"சாப்பிட்டு வந்து."

சாக்பீஸை அவன் டெஸ்க்கில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பெரிய மேடம், பெரிய வாத்தியார் என்று சங்கரபாண்டி வாய்விட்டே திட்டினான். கேட்பதற்கு ஆள் இல்லை. மாமாவுக்குப் போன் போடலாம் என்று போனை எடுத்தான், கீழே வைத்தான். பார்ப்பதற்கு அந்த வகுப்பில் போர்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.

வோல்டேஜ் ஏறிக்கிட்டே போகுதாம். எப்படி ஏறும்? பேட்டரியே இல்லாமல் எவன் கொடுப்பான்?

மேலே இருந்து ஒவ்வொரு வரியாகக் கண்ணை ஓட்டினான். ரெண்டாவது காயில் முதல் காயிலுக்குப் பண்ணுவதை ஒரு வரியில் கூட்டியிருந்தார். முதல் காயில் ரெண்டாவதுக்குப் பண்ணுவதை அடுத்த வரியில் கழித்திருந்தார். ரெண்டும் ஒரே இரும்பு, ஒரே சுற்று. இங்கே கூட்டினால் அங்கேயும் கூட்டத்தானே வேண்டும்?

எழுந்துபோய் மைனஸைப் பிளஸ் ஆக்கினான்.

ஆக்கிய பிறகுதான் தெரிந்தது, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் இனிமேல் குப்பை. குறுக்கே ஒரு கோடு இழுத்தான். சாக்பீஸ் கிறீச்சிட்டது. கீழே சொந்தமாக ஒரு வரி எழுதினான். இன்னொரு வரி எழுதினான். மூன்றாவது வரி கேவலமாக இருந்தது, அதையும் அடித்தான். வேறு மாதிரி எழுதினான். அதுவும் ஒரு இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. சனியனே என்று அதன் குறுக்கேயும் ஒன்று போட்டான்.

மேடம் திரும்பி வந்தபோது அவன் முன்வரிசை டெஸ்க்கின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் சாக்பீஸ் பொடி. மேடம் ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி அவனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்ன, ஒண்ணும் வரலையா?"

"வரல மேடம்."

"சரி. டிசி பத்திப் பேசுவோமா?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம். போர்டு மறைக்குது."