சரி சொன்ன மைனா

புல்லாறு ஓடும் காட்டில் ஆண்மான்களுக்கு வருஷா வருஷம் கொம்பு முட்டும் பந்தயம் நடக்கும். குத்திக் கிழிக்கிற பந்தயம் இல்லை, தள்ளி ஜெயிக்கிற பந்தயம். அதனால் கொம்பின் ஒவ்வொரு முனைக்கும் ஓர் உறை மாட்டுவார்கள். தூக்கணாங்குருவிகள் பச்சைப் புல்லைக் கிழித்து இறுக்கிப் பின்னுகிற உறை அது. அதை மாட்டிக்கொண்டால் கொம்பு முட்டும், குத்தாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கொம்பு தலைக்கு மேலே இருப்பதால் தன் உறையை மானே பார்த்துக்கொள்ள முடியாது. எதிரே நிற்கிறவன் பேச்சை நம்பவும் முடியாது. ஆகையால் முட்டப்போகும் மான், பந்தய சபையின் மைனாவைப் பார்த்து, "உறை சரியா?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்கும். மைனா இரண்டு மான்களின் உறைகளையும் ஒவ்வொன்றாகக் கொத்திப் பார்த்து, "சரி" என்று சொல்லும். அதைக் கேட்காமல் எந்த மானும் ஓர் அடி எடுத்து வைக்காது.

அந்த மைனாவுக்குப் பொன்னலகி என்று பெயர். அது வாயைத் திறந்தால் காடே பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கும். அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆற்றங்கரைப் புல்லெல்லாம் வைக்கோலாய்க் கிடந்தது. தூக்கணாங்குருவிகள் சபைக்கு வந்து, "காய்ஞ்ச புல்லுல பின்னினா நொறுங்கிடும் ஐயா. மழை பெய்யட்டும், அப்புறம் நடத்துங்க" என்றன.

சபைத் தலைவர் காட்டெருமை அசைபோட்டுக்கொண்டே, "இருக்கிறதை வெச்சுப் பின்னுங்க" என்றது. குருவிகளும் முணுமுணுத்துக்கொண்டே பின்னிக் கொடுத்தன.

பழகிப் பார்க்கும்போதே வினை வந்துவிட்டது. இரண்டு இளமான்கள் முட்டின. ஓர் உறை பொடியாய் உதிர்ந்தது. கொம்பு முனை எதிர்மானின் தொடையைக் கிழித்துவிட்டது. பொன்னலகி உதிர்ந்த புல்லை அலகில் கவ்விக்கொண்டு சபைக்குப் பறந்தது.

"தலைவரே, உறை சரியில்லை. பந்தயத்தைத் தள்ளிப் போடுவோம். ஏன்னு காட்டுக்கே சொல்லிடுவோம்."

சபைக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் மந்தி குறுக்கே வந்தது. "அக்கரைக் காட்டுக்காரங்க கிளம்பி வந்துக்கிட்டிருக்காங்க. இந்த நேரத்துல இதைச் சொன்னா நம்ம முகத்தை எங்கே கொண்டுபோய் வெச்சுக்கிறது?"

"முகம் கிடக்கட்டும். ஒரு மான் செத்துட்டா?"

"உடைஞ்சது ஒரு உறைதானே?" என்றது காட்டெருமை.

"எல்லா உறையும் அதே புல்லுதானே, ஐயா."

"எல்லாத்தையும் நீ கொத்திப் பார்த்தியா?"

"இன்னும் இல்லை."

"அப்போ பார்க்காததைப் பேசாதே."

மந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தியது. "உன்னால முடியலேன்னா சொல்லிடு. கிளி ரொம்ப நாளா இந்த இடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கு."

தன் கிளையில் கிளி உட்கார்ந்து பேச, தான் கூட்டத்தில் ஒன்றாக நின்று கேட்பதா? அதை நினைத்துப் பார்க்கவே பொன்னலகியால் முடியவில்லை. மந்தி சொல்லிக் கொடுத்தது. மைனா களத்தோரத்து மரத்தின் உச்சியிலிருந்து அதை அப்படியே ஒப்பித்தது.

"உறைகளைப் பற்றி உலவும் பேச்சில் உண்மை இல்லை. அடிபட்ட மான் தலையைக் கோணலாகக் குனிந்ததுதான் காரணம். சபை எல்லாவற்றையும் உன்னிப்பாகக் கவனித்து வருகிறது."

கவனித்ததாம்! தலைவர் அசைபோட்டதைத் தவிர வேறொன்றும் அங்கே நடக்கவில்லை. ஆனால் சொன்னது மைனாவாயிற்றே. காடு நம்பிவிட்டது.

பந்தய நாள் வந்தது. முதல் முட்டுக்கு வந்தவன் கோணக்கொம்பன். அவன் குட்டியாக இருந்த நாளிலிருந்து அவன் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கித் தின்று வளர்ந்தது பொன்னலகி. களத்துக்குள் போகுமுன் அவன் மரத்தடிக்கு வந்தான்.

"அக்கா, உறையைப் பத்தி என்னென்னமோ பேசிக்கிறாங்களே?"

"சபை சொன்னதைக் கேட்டேல்ல?"

"சபை கிடக்குது. நீ என்ன சொல்றே?"

"அதான் சொல்லிட்டேனே, போ" என்று மைனா முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவனுக்கு அது போதுமாக இருந்தது. காதை ஆட்டிக்கொண்டு களத்துக்குள் போனான்.

"உறை சரியா?" என்று உரக்கக் கேட்டான்.

மைனா இறங்கி வந்து முதல் உறையைக் கொத்தியது. சருகுபோல மொறுமொறுத்தது. அடுத்ததும், எதிரே நின்ற மானின் உறைகளும் அப்படியே. அக்கரைக் காட்டுக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மந்தி வைத்த கண் வாங்காமல் மைனாவையே பார்த்தது. இப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி மைனா சொல்லவில்லை.

"சரி" என்றது.

இரண்டு மான்களும் பாய்ந்து மோதின. உறைகள் தூளாய்ப் பறந்தன. எதிராளியின் கொம்பு கோணக்கொம்பனின் கழுத்தில் இறங்கியது. அவன் மண்டியிட்டான், பிறகு சாய்ந்தான். கால்கள் கொஞ்ச நேரம் புழுதியை உதைத்துவிட்டு நின்றுவிட்டன. முட்டிய மான் தன் கொம்பில் வழியும் ரத்தத்தோடு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

மந்தி ஓடிவந்து மைனாவின் காதில், "குருவிங்களோட அலட்சியம்னு சொல்லிடு. சீக்கிரம் சொல்லு" என்றது.

பொன்னலகி சொல்லவில்லை. மரத்தின் உச்சிக்கும் போகவில்லை. செத்துக் கிடந்தவன் பக்கத்தில், ரத்தத்தில் நின்றுகொண்டு, குருவிகள் எச்சரித்தது முதல் மந்தி பாடம் சொல்லிக் கொடுத்தது வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டியது. அதன் குரல் உடைந்து உடைந்து வந்தது.

கோணக்கொம்பனின் தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் அழவில்லை.

"அப்போ அன்னிக்குச் சொன்னது?"

"பொய்."

"இப்போ என் பிள்ளைகிட்ட சரின்னு சொன்னது?"

"அதுவும் பொய்தான்."

"இது?"

"இது உண்மை. சத்தியமா உண்மை."

"எல்லாம் ஒரே வாயிலேருந்துதானே வருது. நாங்க எதை வெச்சுப் பிரிச்சுப் பார்க்கிறது?" என்றாள் தாய்.

அடுத்த வருஷம் மழை கொட்டியது. புல் இடுப்பளவு வளர்ந்தது. குருவிகள் அருமையாக உறை பின்னின. பொன்னலகி விடிந்ததும் வந்து ஒன்று விடாமல் கொத்திப் பார்த்தது. எல்லாம் கெட்டி. களத்தின் நடுவில் நின்று, தொண்டை கிழிய, "சரி! இந்தத் தடவை நிஜமாவே சரி!" என்று கத்தியது.

ஒரு மானும் வரவில்லை. காட்டெருமையும் மந்தியும் தங்கள் இடத்தில் உட்கார்ந்து வெறும் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மான்கள் முட்டிக்கொள்வதை விட்டுவிடவில்லை. புதருக்குள் போய், உறையே இல்லாமல், வெறுங்கொம்போடு முட்டிக்கொண்டன. அந்தப் பக்கத்து வானத்தில் கழுகுகள் வட்டமிட ஆரம்பித்தன. மைனா அதைப் பார்த்துக்கொண்டே, பறந்து போகவும் மனமில்லாமல், பச்சை உறைகளுக்கு நடுவே நின்றது.

விளையாட்டுச் சாமானில் குறை தெரிந்ததும் அதை ஊரறியச் சொல்லி ஆட்டத்தை நிறுத்தாமல், தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள மூடி மறைக்கிற சபை, பிறகு உண்மையையே சொன்னாலும் அதை நம்பி யாரும் வரமாட்டார்கள்.