மிளகி காலால் தட்டியது

குன்றின் அடிவாரத்தில் ஒரு வளை. அதில் சாம்பலி என்ற தாய் முயலும் அதன் மகள் மிளகியும் இருந்தன. அப்பா முயலும் இருந்தது. ஆனால் அது எப்போதும் தூங்கிக்கொண்டே இருந்ததால் கணக்கில் சேர்த்தி இல்லை.

அந்த வளையின் சுவரில் ஒரு துளை. கறையான்கள் மண்ணுக்கடியில் போட்ட பழைய பாதை அது. காட்டில் எல்லா வீட்டுக்கும் ஒரு கிளை போகும். அதில் காதை வைத்தால் அந்தக் கோடியில் பேசுவது இந்தக் கோடியில் கேட்கும்.

போன மழைக்குப் பள்ளிக்கூடம் தண்ணீரில் மூழ்கியபோது, ஆள்காட்டிக் குருவி மிஸ்தான் சொன்னது: "எல்லாரும் வீட்டுத் துளையைத் திறந்து வையுங்க! அதுலயே பாடம் நடத்துறேன்!"

மழை நின்றது. பள்ளிக்கூடம் திறந்தது. துளையை யாரும் மூடவில்லை.

மிளகிக்கு இப்போது சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம். காது துளையிலேயே ஒட்டிக்கிடந்தது. தனக்குத்தானே சிரித்தது.

"யாருகிட்டடி பேசுறே?" என்றது சாம்பலி.

"ஃப்ரெண்டும்மா!"

"எந்த ஃப்ரெண்டு?"

"அதெல்லாம் உனக்குத் தெரியாது!"

சாம்பலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தெரியாதா? இதோ, இப்பத் தெரியும் பார்!" என்று ஒரு கூடை களிமண்ணைக் குழைத்துத் துளையை அடைத்தது. சேர்த்து நாலு திட்டும் திட்டியது. சாம்பலியின் திட்டு சாதாரணத் திட்டு இல்லை. பக்கத்துப் புதர்க் கௌதாரி வரைக்கும் கேட்கும்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் படுக்கைப் புல்லை உதறியபோது, அடியில் புதிதாக ஒரு துளை!

சாம்பலி நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றது.

"மிஸ்! திறக்கச் சொன்னது நீங்க! இப்ப அடைக்கிறது நானா? நான் ஒண்ணை அடைச்சா அவ ரெண்டைத் தோண்டுறா!"

ஆள்காட்டி மிஸ் மழுப்பவில்லை. "ஆமாம், சொன்னது நான்தான். திறக்கச் சொல்லிக் கொடுத்தேன், காவலுக்குச் சொல்லிக் கொடுக்கலை. புதன்கிழமை எல்லா அம்மா அப்பாவையும் வரச் சொல்றேன். நீங்களும் வாங்க."

புதன்கிழமை எல்லாரும் வந்தார்கள். மார்க் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறது என்று நினைத்து, பாதிப் பேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மிஸ் மார்க்கைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு கேள்வி கேட்டது. "உங்க பிள்ளை வந்து, 'அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு'ன்னா, நீங்க சொல்ற முதல் வார்த்தை என்ன?"

"'நான் அப்பவே சொன்னேனே!'" என்றது கௌதாரி. எல்லாரும் சிரித்தார்கள்.

"'உன்னை யாருடி அங்க போகச் சொன்னா?'" என்றது சாம்பலி. இதற்கு யாரும் சிரிக்கவில்லை. எல்லார் வீட்டிலும் அதுதான்.

"அதனாலதான் அதுங்க நம்மகிட்ட வர்றதில்லை" என்றது மிஸ். "என் மேலயும் தப்பு இருக்கு. வகுப்புல யாராவது புகார் சொன்னா, 'கோள் சொல்லாதே'ன்னு நிக்க வெச்சேன். பிள்ளைங்க அதை அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. எது நடந்தாலும் வாயைத் திறந்தா கோள்னு நினைக்கிறாங்க. இன்னிக்குக் காலையிலதான் திருத்தினேன். அடுத்தவனை மாட்டிவிடச் சொன்னா அது கோள். நமக்கு ஆபத்துன்னு சொன்னா, அது ஆள் காட்டுறது. அதுல வெட்கமே இல்லை. என் பேரே அதுதானே!"

பிறகு மிஸ், பிள்ளைகளுக்குச் சொன்னதைப் பெற்றவர்களுக்கும் சொன்னது. துளையில் எந்தக் குரலாவது 'அம்மாகிட்ட சொல்லாதே' என்றால், அந்த நொடியே பின்னங்காலால் தரையை மூன்று தட்டு தட்ட வேண்டும். காலால் தட்ட வராதவர்கள் சிறகால் அடிக்கலாம்.

"இனி உங்களுக்கு வீட்டுப்பாடம்" என்றது மிஸ். "துளை படுக்கைக்கு அடியில வேண்டாம், எல்லாரும் நடமாடுற இடத்துல இருக்கட்டும். தட்டுற சத்தம் கேட்டா ஓடிப் போங்க. போறப்போ வாயில ஒரு அருகம்புல்லைக் கவ்விக்குங்க. பிள்ளை பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் புல் துண்டாகக் கூடாது!"

"எனக்குப் பல்லே உளி மாதிரி" என்று முணுமுணுத்தது சாம்பலி. ஆனாலும் போகிற வழியில் ஒரு கட்டுப் புல் பறித்துக்கொண்டு போனது. படுக்கைத் துளையை மூடி, சுவர்த் துளையைத் திறந்துவிட்டது.

நாலாம் நாள் மத்தியானம். டொக், டொக், டொக்!

சாம்பலி புல்லைக் கவ்விக்கொண்டு ஓடியது. மிளகியின் காது இரண்டும் முதுகோடு ஒட்டியிருந்தன.

"அம்மா... ஒரு குரல்மா. தானும் முயல்தான்னு சொல்லுச்சு. என் வயசுதான்னுச்சு. என் காது அழகா இருக்கும்னு பத்து நாளா சொல்லுது."

என் மகளின் காதை இவன் எப்போது பார்த்தான்? சாம்பலியின் தொண்டை வரை வந்தது. விழுங்கியது.

"நாளைக்கு மத்தியானம் ஓடைக்கரை நாவல் மரத்தடிக்குத் தனியா வரச் சொல்லுது. 'அம்மாகிட்ட சொல்லாதே'ன்னுச்சு. அப்புறம்... நம்ம வாசல் எந்தப் புதர்னு கேட்டுச்சும்மா. நான்... நான் சொல்லிட்டேன்."

புல் நடுங்கியது. சாம்பலியின் பல் அதன் மேல் அழுந்தியது. பாதி வெட்டுப்பட்டது. மிளகி கண்ணை இறுக மூடிக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தது.

திட்டு வரவில்லை. மிளகி மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தது.

"வேற ஏதாவது கேட்டானா?" என்றது சாம்பலி, புல்லை எடுத்துவிட்டு.

"நீ எப்ப மேயப் போவேன்னு கேட்டான். அதைச் சொல்லலை."

"நல்ல வேலை செஞ்சே, கண்ணு."

"திட்டலையாம்மா?"

"திட்ட வேண்டியவன் வேற ஒருத்தன் இருக்கான். வா, மிஸ்கிட்ட போவோம்."

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் வளையின் வாசல் மறுபக்கம் மாறியது. அப்பா முயல்கூட எழுந்து வந்து மண் தள்ளியது.

மறுநாள் மத்தியானம் நாவல் மரத்தடியில் ஒரு வால் மட்டும் தெரிந்தது. முயல் வால் இல்லை. மேலே பத்து ஆள்காட்டிகள் ஒரே நேரத்தில் கிளம்பின.

"நரி! நரி! நாவல் மரத்தடியில நரி!"

"நான் சும்மா பழம் பொறுக்க வந்தேங்க!" என்று குழைந்தது நரி.

குன்றின் மேல் பெற்றவர்களும் பிள்ளைகளும் கூடியிருந்தார்கள். அங்கிருந்து சாம்பலி கத்தியது. முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த மொத்தமும் வந்தது. "பழம் பொறுக்க வந்தவனுக்கு என் பொண்ணு காது எதுக்குடா? எங்க வீட்டு வாசல் எதுக்குடா? முயலாம் முயல்! அந்த மூஞ்சியை ஓடைத் தண்ணியில பார்த்திருக்கியா?"

கௌதாரிக் குஞ்சு சிறகை அடித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடியது. "அம்மா! இதே குரல்தான்! என்கிட்ட கௌதாரின்னு சொல்லுச்சு!"

"என்கிட்ட அணில்னு சொல்லுச்சு!" என்றது ஒரு அணில் குட்டி.

காடு முழுக்க அந்தக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. இனி எந்தத் துளையில் போய் எந்த வேஷம் போடுவது? நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்கரையோடு ஓடியது. ஓடை வளைவில் மறையும் வரை சாம்பலி திட்டிக்கொண்டே இருந்தது.

பிறகு சாம்பலி பக்கத்தில் நின்ற மிளகியிடம் திரும்பியது. அங்கேயே உட்கார்ந்து மகளை முகர்ந்து பார்த்தது. தலை, கழுத்து, இரண்டு காது. எல்லாம் இருந்தது. மிளகி கூச்சத்தில் நெளிந்து, "போதும்மா, எல்லாரும் பார்க்கிறாங்க!" என்றது.

"பார்க்கட்டும்!" என்றது சாம்பலி.

பிள்ளை நம்மிடம் வாயைத் திறக்க வேண்டுமானால் நாம் கொஞ்ச நேரம் வாயை மூடத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பெற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுப்பதுதான் நல்ல பள்ளிக்கூடம்.