தோள் அளவு

“தோளை அகலமாக்க முடியுமா, முடியாதா? ஒரு பதிலைச் சொல்லுங்க மாஸ்டர்.”

வேலாயுதம் கேட்டார்.

“முடியாது,” என்றாள் ஜெசிந்தா.

“ஏதாவது வழி?”

“கிடையாது.”

மேசைமேல் ஒரு கருநீலக் கோட்டு கிடந்தது. ரெடிமேடாக வாங்கியது. வேலாயுதம் அதன் உள்துணியைப் பிரித்து, தையல் தையலாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தையல் படிக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. தூத்துக்குடியில் கோட்டு ஆல்டர் செய்ய ஜெசிந்தாதான் என்று நாலு பேர் சொன்னார்கள். வந்து சேர்ந்துகொண்டார். வயதில் அவள் அவரைவிட மிகவும் இளையவள். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

கடை வாசலில் வெயிலில் ஒருவர் நின்றார். இறந்தவரின் மைத்துனர். உள்ளே உட்காரச் சொல்லியும் வரவில்லை.

இறந்தவர் மிக்கேல். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முந்தின நாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. இன்று சாயந்தரம் அடக்கம். ஒரே மகன் கிளாட்வின் கத்தாரிலிருந்து வந்துகொண்டிருந்தான்.

கோட்டு அவன் அனுப்பியது.

“அவன் வந்து பாக்கையில அப்பா இந்தக் கோட்டுலதான் இருக்கணும்னு அக்கா சொல்லுதா,” என்றார் மைத்துனர். “போட்டுப் பாத்தோம். ஒரு கை ஏறுது. இன்னொரு கை ஏற மாட்டேங்குது. இழுத்தா கிழிஞ்சிரும். பிள்ளை மெட்ராஸ்ல இறங்கிட்டான். சீக்கிரம் பண்ணுங்க.”

வேலாயுதம் கோட்டின் பக்கத் தையலைக் காட்டினார்.

“இங்க ஒரு விரல் துணி விட்டிருக்கான் மாஸ்டர்.”

“அது வயித்துக்கு.”

“கை நுனியில மடிச்சிருக்கு.”

“அது நீளத்துக்கு.”

“தோள்ல?”

“தோள்ல யாரும் விட மாட்டாங்க.”

சொல்லிவிட்டு அவள் பெரிய கத்திரியை எடுத்தாள். கோட்டைக் குப்புறப் போட்டாள்.

வேலாயுதம் அதன் முதுகின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“திருப்பித் தைக்க முடியாத இடத்தில கத்திரி வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“ஆமா.”

“அப்ப இது என்ன?”

“இதைத் திருப்பித் தைச்சுத் தாங்கன்னு யாரு வரப்போறா அண்ணாச்சி?”

அவர் கையை எடுக்கவில்லை.

“இது ஆல்டர் இல்ல மாஸ்டர். அந்தப் பையனை ஏமாத்துறது.”

“ஆமா,” என்றாள். “கையை எடுங்க.”

அவர் கையை எடுத்தார்.

கழுத்துப் பட்டையிலிருந்து கீழ் விளிம்பு வரை நடு முதுகில் கத்திரி ஓடியது. துணி இரண்டாகப் பிரிந்தது.

மிக்கேலின் வீட்டில் வேலாயுதமும் மைத்துனரும்தான் கோட்டைப் போட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் ஒரு கை, மறு பக்கம் மறு கை. முன்பக்கம் சுருக்கமே இல்லாமல் படிந்தது. முதுகுக்கு அடியில் விலகிக் கிடந்த இரண்டு விளிம்புகளையும் பெட்டிக்குள் விரித்த வெள்ளைத் துணி மறைத்துக்கொண்டது.

மிக்கேலின் மனைவி வந்து பார்த்தாள். காலரைச் சரிசெய்தாள்.

“இப்பதான் எடுப்பா இருக்கு,” என்றாள்.

வேலாயுதத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூடவே வந்து சுவரோரம் நின்ற ஜெசிந்தாவின் பக்கத்தில் போய் நின்றார்.

“கிளம்பிருவோம் மாஸ்டர்.”

“மகன் வரட்டும்.”

“வந்து?”



வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அழுகை கூடியது. கூட்டம் விலகி வழிவிட, கிளாட்வின் உள்ளே வந்தான். பயணப் பை இன்னும் தோளில் தொங்கியது.

அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“கோட்டு நல்லாயிருக்குப்பா,” என்றான்.

பிறகு முழங்கால் போட்டு உட்கார்ந்தான். அப்பாவைத் தூக்கி நெஞ்சோடு சேர்க்கப் போகிறவன்போல அவர் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தான்.

கை அங்கேயே நின்றது.

வேலாயுதம் கண்ணை மூடிக்கொண்டார்.

“யாரு வெட்டினது?”

கிளாட்வின் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மைத்துனர் வாசலைப் பார்த்தார்.

“நான்,” என்றாள் ஜெசிந்தா.

“நீங்க யாரு?”

“தையல் கடை.”

“எதுக்கு வெட்டினீங்க?”

“ஏறல.”

“ஏறலையா?” அவன் எழுந்து நின்றான். “எங்கப்பா இதைப் போட்டு வீடியோவுல காட்டினாரு. அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குடான்னாரு.”

“எங்க கடையில நின்னுதான் காட்டினாரு. போனைப் பிடிச்சிருந்தது நான்.”

அவன் அவளையே பார்த்தான்.

“மூச்சைப் பிடிச்சிக்கிட்டு, கையை அசைக்காம நின்னாரு. நீங்க போனை வச்ச பிறகு அதைக் கழட்டுறதுக்குள்ள எனக்கும் அவருக்கும் வேர்த்துப் போச்சு.”

“ஏம்மா, இந்த நேரத்திலயா இதெல்லாம்?” என்று மைத்துனர் முன்னால் வந்தார்.

கிளாட்வின் அவரைக் கையால் தடுத்தான்.

“சொல்லுங்கக்கா.”

“பிறகும் வந்தாரு. கிறிஸ்மஸுக்கு வந்தாரு. ஈஸ்டருக்கு வந்தாரு. கொஞ்சம் பெரிசாக்கித் தாம்மான்னு கேப்பாரு. முடியாதும்பேன். மடிச்சுக் கையில வச்சுக்கிட்டுப் போயிருவாரு.”

மிக்கேலின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கிளாட்வின் அவளைப் பார்த்தான்.

“உனக்கும் தெரியுமாம்மா?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற அனுப்பியிருப்பேனே,” என்றான் அவன். “நான் போட்டுப் பாத்துத்தான் வாங்கினேன். எனக்குச் சரியா இருந்துச்சு.”

ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினான்.

“அப்பாவோட அளவு என்னக்கா?”

“தெரியாது.”

“இத்தனை தடவை வந்திருக்காரு. அளவெடுக்கலையா?”

“எடுக்க விடல. புதுசா ஒண்ணு தைச்சுத் தாரேன்னேன். என்னை அளக்க வேண்டாம், அவன் அனுப்புனதை மாத்துன்னு சொல்லிட்டாரு.”

கிளாட்வினின் தோளிலிருந்து பை நழுவிக் கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

ஜெசிந்தா தன் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள். அவனிடம் நீட்டினாள்.

வேண்டாம் மாஸ்டர், இப்போது வேண்டாம் என்று வேலாயுதத்துக்குச் சொல்லத் தோன்றியது. இவன் அதைப் பிடுங்கி எறிவான், அல்லது அவளை அடிப்பான் என்று நினைத்தார்.

கிளாட்வின் டேப்பை வாங்கிக்கொண்டான்.

மறுபடி முழங்கால் போட்டான். அவனுக்கு அளவெடுக்கத் தெரியவில்லை. டேப்பின் நுனியை அப்பாவின் ஒரு தோள் ஓரத்தில் வைத்துவிட்டு, மறு தோளுக்குக் கொண்டுபோனான். நுனி நழுவியது. மறுபடி வைத்தான். மறுபடி நழுவியது.

வேலாயுதம் போய் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். நுனியைத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கிளாட்வின் ஒரு கையால் அப்பாவை மெல்லத் தூக்கி, கழுத்துக்குப் பின்னால் டேப்பைக் கொண்டுவந்தான். அது போய்க்கொண்டே இருந்தது.

ஃபாதர் வந்துவிட்டார் என்று வாசலில் யாரோ சொன்னார்கள். மைத்துனர் குனிந்து, “எந்திரிப்பா, நேரமாச்சு,” என்றார்.

“கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க மாமா,” என்றான் கிளாட்வின். “அப்பாவுக்கு அளவெடுக்கேன்.”