அண்டாவின் இன்னொரு பக்கம்

"அம்மா, என்னைச் சமையல்கட்டிலிருந்து எடுத்துடுங்க" என்றார் தணிகாசலம்.

உமையாள் பூக்கட்டுவதை நிறுத்தவில்லை.

"வேற எங்க போடணும்?"

"எங்க வேணும்னாலும். மாட்டுக் கொட்டகையில போடுங்க. கக்கூஸ் கழுவச் சொல்லுங்க. அந்தத் தரை மட்டும் வேண்டாம்."

நீர்மலை அடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில், மலை ஏற வருகிற யாருக்கும் சோறு உண்டு. உமையாள் மடத்தின் தலைவி. வயதில் தணிகாசலத்துக்கு மகள் மாதிரி. தணிகாசலம் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, மனம் அடங்க வழி தேடி இங்கே வந்தார். வந்த அன்றே உமையாள் அவரைச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"வேலாண்டி எப்படி இருக்கான்?" என்று கேட்டார் உமையாள்.

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

வேலாண்டி சமையல்கட்டில் தணிகாசலத்தோடு வேலை செய்தவன். போன வாரம் ரசத் தவலையைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போகும்போது, கஞ்சி சிந்திய தரையில் கால் வழுக்கி விழுந்தான். கொதித்த ரசம் முழுக்க மடியில் கொட்டியது. இரண்டடி பின்னால் தணிகாசலம் சோற்றுக் கூடையோடு வந்துகொண்டிருந்தார்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தோல் இன்னும் சேரல. 'கால் எப்பப் போச்சுன்னே தெரியலண்ணே'ங்கிறான். அதுதாம்மா எனக்குத் தாங்கல. தெரிஞ்சு விழுந்தாக்கூடப் பரவாயில்லை."

"ம்."

"எடுக்க மாட்டீங்கன்னா, ஒரு மந்திரமாவது சொல்லிக் குடுங்க. மனசு அலையாம நின்னா, காலும் நிக்கும்."

"விழுந்தப்ப வேலாண்டி மனசு எங்க இருந்தது?"

தணிகாசலம் யோசித்தார்.

"சாமி பாட்டு பாடிக்கிட்டேதான் போனான்."

உமையாள் பூச்சரத்தைக் கூடையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க."

*

மத்தியானப் பந்தி முடிந்து சமையல்கட்டு காலியாக இருந்தது. கருங்கல் தரை. எத்தனையோ பேர் நடந்து நடந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. சோறு வடிக்கிற மூலையில் கஞ்சி எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். தாளிக்கிற பக்கம் எண்ணெய்.

தணிகாசலம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

உமையாள் ஒரு செம்புக் கஞ்சியைத் தரையில் ஊற்றினார். அதன் மேல் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்தார். தாம்பாளத்துக்குள் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார்.

"தள்ளுங்க."

தணிகாசலம் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். குனிந்து ஒரு விரலால் தள்ளினார். அவ்வளவு கனத்தோடும் தாம்பாளம் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

சத்தம் கேட்டு அவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

உமையாள் அலமாரியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். உள்ளே கறுப்பு ரப்பர் செருப்புகள், பல ஜோடி. முன்பக்கம் மூடியவை, பார்க்க லட்சணமில்லாதவை. ஒன்றை எடுத்து அதே கஞ்சியில் வைத்தார். அதற்குள் குழவியை நிறுத்தினார்.

"இப்பத் தள்ளுங்க."

விரலால் தள்ளினார். கையால் தள்ளினார். குழவிதான் சாய்ந்தது. செருப்பு நகரவில்லை.

"கீழ இருந்த கஞ்சி எங்க போச்சு?" என்று கேட்டார் உமையாள்.

தணிகாசலம் செருப்பைத் திருப்பினார். அடிப்பக்கம் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டங்களுக்கு நடுவே பள்ளங்கள். எல்லாப் பள்ளமும் ஓரம்வரை போய்த் திறந்திருந்தது. அதன் வழியாகக் கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது. கட்டங்களின் தலை மட்டும் ஏறக்குறைய காய்ந்திருந்தது. நகத்தால் அழுத்தினார். ரப்பர் மெத்தென்று அமுங்கியது.

அவருக்கு மழைக்காலத்து மலைப்பாதை ஞாபகம் வந்தது.

"டயர்" என்றார். "வழவழன்னு தேஞ்ச டயரா இருந்தா, மழையில ரோட்டுமேல ஓடாது. தண்ணிமேல ஓடும். பிரேக் போட்டாலும் வண்டி பேச்சைக் கேட்காது. இதே மாதிரி கட்டம் கட்டமா பட்டன் இருந்தா தண்ணி அதுக்குள்ள ஒதுங்கிடும். ரப்பர் ரோட்டைத் தொடும்."

"வேலாண்டி கால் எதைத் தொட்டுச்சு?"

"கஞ்சியை."

"தரையை?"

"தொடவே இல்லம்மா."

உமையாள் அவர் அளவுக்கு ஒரு ஜோடியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

*

தலைமைச் சமையல்காரர் குஞ்சிதபாதம் அதைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அடுப்பு எரியற இடத்துல செருப்பா?"

"இது வெளியில போகாத செருப்பு" என்றார் உமையாள். "பெரிய ஓட்டல் சமையல்கட்டுல போடுறாங்க. இங்கேயே கழுவி இங்கேயே வைக்கப்போறோம். எல்லாருக்கும் வாங்கியிருக்கேன்."

"தாயே, மடம் உங்களது. அவர் போட்டா நான் தடுக்கல. எங்க அப்பா வெறுங்காலோட நின்னு சமைச்ச இடம் இது. என் காலை இதுக்குள்ள விடச் சொல்லாதீங்க."

உமையாள் பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

குஞ்சிதபாதம் போடாததால் மற்றவர்களும் போடவில்லை. தணிகாசலம் மட்டும் போட்டுக்கொண்டார். நடக்கும்போது ஈரத்தில் கிறீச் கிறீச் என்று சத்தம் வந்தது. காய் நறுக்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கால் நின்றது.

*

பௌர்ணமி வந்தது. காலையிலிருந்தே மழை. மலை ஏறமுடியாமல் ஜனம் முழுவதும் மடத்துக்குள் வந்துவிட்டது. ஈரக் கால்களோடு சமையல்கட்டு வரைக்கும் வந்து தண்ணீர் கேட்டார்கள். துடைக்கத் துடைக்கத் தரை நனைந்தது.

பந்தியில் இலை போட்டுச் சோறும் வைத்தாயிற்று. சாம்பார் போகவேண்டும்.

பெரிய அண்டா. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்தால்தான் நகரும். வேலாண்டி இல்லாததால் குஞ்சிதபாதமே ஒரு பக்கம் வந்து நின்றார்.

"பிடிங்க, தணிகாசலம்."

தூக்கினார்கள். சாம்பார் இன்னும் கொதி அடங்கவில்லை. ஆவி முகத்தில் அடித்தது.

தணிகாசலம் ஒரு அடி வைத்தார். செருப்பு தரையைப் பிடித்தது. இன்னொரு அடி. பிடித்தது.

அப்போதுதான் எதிரே இருந்த கால்களைப் பார்த்தார்.

வெறும் கால்கள். கஞ்சியிலும் மழைத் தண்ணீரிலும் ஊறி வெளுத்த கால்கள். ஒவ்வொரு முறையும் குதிகால் முதலில் இறங்கியது. இறங்கிய இடத்திலிருந்து ஒரு நூல் அளவு முன்னால் போய், பிறகு நின்றது.

தன் காலைப் பற்றி அவருக்கு மறந்துபோனது. அந்தக் குதிகாலைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. இறங்கியது, நகர்ந்தது, நின்றது. மறுபடி இறங்கியது, நகர்ந்தது.

நிற்கவில்லை.

குஞ்சிதபாதத்தின் முழங்கால் மடங்கியது. அண்டா சாய்ந்தது. தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு தன் பக்கத்தை அழுத்திப் பிடித்தார். விளிம்பைத் தாண்டிச் சாம்பார் தரையில் தெறித்தது. குஞ்சிதபாதம் எப்படியோ மற்றக் காலை ஊன்றிக்கொண்டார்.

இருவரும் அப்படியே நின்றார்கள்.

"ஒண்ணுமில்லை" என்றார் குஞ்சிதபாதம். அவர் உதடு வெளுத்திருந்தது. "நடங்க."

"கீழ வைங்க."

"பந்தி காத்திருக்கு."

"வைங்க, ஐயா."

வைத்தார்கள். தணிகாசலம் உமையாளைத் தேடிப் போனார்.

*

உமையாள் பந்திக் கூடத்தில் குழந்தைகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தச் செருப்பால பிரயோஜனம் இல்லை."

"வழுக்குச்சா?"

"இல்லை."

"பிறகு?"

"குஞ்சிதபாதம் ஐயா கால்ல இல்லையே. அவர் விழுந்தா ரெண்டு பேர் மேலயும்தானே கொட்டும். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொன்னேனே. கேட்கலையே."

"நீங்க சொல்லியே கேட்காதவர், நான் சொன்னா கேட்பாரா?"

உமையாள் தண்ணீர்ச் செம்பை ஓரமாக வைத்தார். வரிசைக் கடைசியில் ஒரு இலை காலியாக இருந்தது. அதன் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். எல்லோரையும் போலச் சாம்பாருக்காக வாசலைப் பார்த்தார்.

தணிகாசலம் பந்தியைப் பார்த்தார். இலைகளில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை வெறும் சோற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

அவர் திரும்பி நடந்தார்.

*

குஞ்சிதபாதம் அண்டாவின் பக்கத்திலேயே நின்றிருந்தார். யாரோ தரையில் சிந்தியதை வழித்துக்கொண்டிருந்தார்கள்.

தணிகாசலம் பெட்டியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தார். குழாயடியில் கழுவினார். புதுத் துண்டால் துடைத்தார். கொண்டுவந்து குஞ்சிதபாதத்தின் காலடியில் வைத்து, அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

சமையல்கட்டில் பேச்சு நின்றது.

"எடுங்க இதை" என்றார் குஞ்சிதபாதம்.

"உங்க பக்தியை நான் குறை சொல்லல."

"வழுக்கினாலும் நான் சமாளிச்சுட்டேன். பார்த்தீங்கள்ல?"

"பார்த்தேன். வேலாண்டி விழுந்ததையும் பார்த்தேன். எனக்குப் பயமா இருக்கு."

"உங்களுக்குத்தான் செருப்பு இருக்கே. உங்களுக்கு என்ன பயம்?"

"என் காலுக்குப் போட்டாச்சு. உங்க காலுக்கு நான் என்ன செய்வேன்?"

குஞ்சிதபாதம் தன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது இல்லாம நான் அண்டாவைத் தொட மாட்டேன் ஐயா. கோழைன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

குஞ்சிதபாதம் அடுப்பைப் பார்த்தார். அடுப்பின் பக்கம் திரும்பி ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு தணிகாசலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே விட்டார்.

"குதிகால்கிட்ட லூசா இருக்கு."

"வேற அளவு தரேன். லூசா இருந்தா இதுவே தடுக்கிவிட்டுடும்."

மாற்றிக் கொடுத்தார். குஞ்சிதபாதம் இரண்டு அடி நடந்து பார்த்தார். கிறீச் என்றது. யாரும் சிரிக்கவில்லை.

அண்டாவைத் தூக்கினார்கள். அதே தரை, அதே ஈரம். தணிகாசலம் மறுபடியும் எதிரே இருந்த குதிகாலையே பார்த்துக்கொண்டு நடந்தார். அது இறங்கியது, இறங்கிய இடத்தில் நின்றது. அவர் மூச்சு விட்டார். மறுபடி இறங்கியது. மறுபடி நின்றது. பந்திக் கூடம் வரைக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சாக விட்டுக்கொண்டு போனார்.

உமையாள் இலைக்குச் சோறும் சாம்பாரும் வந்தபோது, கொண்டுவந்தவர்களின் கால்களை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

*

மறுநாள் விடியும் நேரம். மழை விட்டிருந்தது.

உமையாள் குழாயடிப் பக்கம் வந்தார். தணிகாசலம் ஈரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிச் செருப்புகள், இப்போது பல ஜோடி. கையில் ஒரு ஈர்க்குச்சி.

"தூங்கினீங்களா?"

"சரியா இல்லம்மா." அவர் செருப்பின் பள்ளங்களைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டே பேசினார். "எல்லாரும் போட்டுக்கிட்டாங்க. யாரும் வழுக்கல. எனக்கு மட்டும் பயம் போகல. தூக்கத்துல கூட யாரோ குதிகால் தெரியுது. மனசு அடங்கணும்னுதான் உங்களைத் தேடி வந்தேன். மந்திரம் கேட்டேன். செருப்பு குடுத்தீங்க. பயம் அப்படியேதான் இருக்கு. அதை எப்பம்மா எடுப்பீங்க?"

உமையாள் குனிந்து, கழுவாமல் கிடந்த செருப்பு ஒன்றை எடுத்துத் திருப்பினார். பள்ளங்கள் எல்லாம் அடைத்துப்போயிருந்தன. பருப்பும் எண்ணெயும் இறுகி, அடிப்பக்கம் பலகை மாதிரி வழவழவென்று இருந்தது.

"இது யாரோடது?"

"குஞ்சிதபாதம் ஐயாவோடது."

"இப்படியே போட்டிருந்தா?"

"கஞ்சி ஒதுங்க இடம் இருக்காது. வெறுங்காலை விட மோசம். செருப்பு இருக்குன்னு நம்பி வேகமா நடப்பார்."

"சுத்தம் பண்ணச் சொல்லி அவர் உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்லை."

"நான் சொன்னேனா?"

"இல்லம்மா."

உமையாள் அந்தச் செருப்பை அவர் கையில் கொடுத்தார்.

"பின்ன, உங்களை எழுப்பி இங்க உட்கார வச்சது யாரு?"

"அந்தப் பயந்தாம்மா" என்ற தணிகாசலம், குஞ்சிதபாதத்தின் செருப்புப் பள்ளத்தில் ஈர்க்குச்சியை விட்டார்.